உங்களுக்குத் தெரியுமா? கரு கலைவதில் குரோமோசோமின் பங்கு

முதல் மூன்று மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் நேரும் பிழைதான். 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 அல்லது 45 அமைந்துவிடுகிறது. கூடுதலாக ஒன்று சேர்ந்து கலையும் கருக்களில் அதிகம் காணப்படுவது 16ஆம் எண் குரோமோசோம். எல்லாச் செல்களிலும் அது மூன்றாக இருந்தால், கரு மூன்று மாதத்தைத் தாண்டுவது அரிது.

பெரும்பாலும் பிழை நிகழ்வது கருமுட்டையில். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் உருவாகி, செல் பிரிதலின் பாதியில் நின்றுவிடுகின்றன. மீதிப் பிரிதல் தொடர்வது பல ஆண்டுகள் கழித்து, முட்டை வெளியாகும் சமயத்தில்தான். அதுவரை குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் வயதோடு தளர்கின்றன. 35 வயதுக்கு மேல் கருச்சிதைவு கூடுவதற்கு இது முக்கியக் காரணம்.

மாடிப்படி ஏறியதாலோ, பஸ்ஸில் போனதாலோ, குடம் தூக்கியதாலோ குரோமோசோம் எண்ணிக்கை மாறுவதில்லை. இதைக் கணவரும் மாமியாரும்கூடத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்பிழை பெரும்பாலும் தற்செயலானது. ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே அமைகிறது. திரும்பத் திரும்பக் கலைந்தால், மனைவிக்கு மட்டுமல்ல, கணவருக்கும் சேர்த்தே ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள்.