வணிகர் தான்சு

தான்சு என்பது சப்பானில் மரபாகப் பயன்படுத்தப்பட்ட மரப்பெட்டகம் ஆகும். எடோ காலத்தில் (1603–1868) வணிகம் வளர்ந்தபோது, வணிகர்களுக்கெனத் தனி வகைகள் உருவாயின.

கடைப் பெட்டகம்

கடையில் கணக்கர் அமரும் இடம் ச்சோபா எனப்பட்டது. அங்கு வைக்கப்பட்டது ச்சோபா தான்சு. இதில் பேரேடுகள், முத்திரைகள், எழுதுபொருட்கள், பணம் ஆகியன இருந்தன. பெரும்பாலான விற்பனை கடனாகவே நடந்தது. நிலுவை ஆண்டிறுதி போன்ற தவணைகளில் வசூலிக்கப்பட்டது. எனவே பேரேடு தொலைந்தால் வரவேண்டிய பணத்துக்குச் சான்று இல்லாமல் போகும். இதனால்தான் பூட்டும் இரும்புப் பட்டைகளும் இப்பெட்டகங்களில் முதன்மை பெற்றன. வாடிக்கையாளரின் கண்ணில் படும் முகப்பு கெயாகி போன்ற அழகிய மரத்தாலும், பின்புறமும் உட்பகுதியும் விலை குறைந்த மென்மரத்தாலும் செய்யப்படுவது வழக்கம்.

சக்கரப் பெட்டகம்

தீ விபத்துகள் மிகுந்த நகரங்களில் பொருட்களை விரைந்து வெளியேற்றக் குருமா தான்சு எனும் சக்கரப் பெட்டகம் பயன்பட்டது. 1657-இல் எடோ நகரை (இன்றைய தோக்கியோ) அழித்த மெய்ரேகி பெருந்தீயின்போது இவை தெருக்களை அடைத்து, மக்கள் தப்பிக்கத் தடையாயின. 1683-இல் பெருநகரங்களில் இவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது.

கப்பல் பெட்டகம்

ஒக்கைடோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே சப்பான் கடல் வழியாகச் சென்ற கிதமாயெபுனே வணிகக் கப்பல்களில் புனா தான்சு இருந்தது. சாடோ தீவின் ஓகி, மிகுனி, சகாத்தா ஆகிய துறைமுகங்கள் இதன் தயாரிப்பிடங்கள். வெளிப்புறம் கடினமான கெயாகி மரம். அதன்மேல் தடித்த இரும்புத் தகடுகள். உள்ளறைகள் கிரி மரத்தால் ஆனவை. இலேசான இம்மரம் ஈரம்பட்டால் சற்று உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கப்பல் மூழ்கினாலும் மிதக்கும் என்ற புகழ் இப்பெட்டகத்துக்கு உண்டு.

இதில் மூன்று வகைகள் உள்ளன:

ககெசுசுரி – மைக்கல், பணம், ஆவணங்கள் வைக்க, ஒற்றைக் கதவுடையது.
ச்சோபக்கோ – கணக்கேடுகள் வைக்க.
ஹங்காய் – உடைகள் வைக்க.

சிலவற்றில் மறைவான அறைகளும் உண்டு. துறைமுகத்தில் கப்பல் தலைவரின் செல்வநிலையைக் காட்டும் பொருளாகவும் இப்பெட்டகம் விளங்கியது.

வீழ்ச்சியும் சேகரிப்பும்

மெய்சி காலத்தில் (1868–1912) தொடருந்து, தந்தி, வங்கி ஆகியவை பரவியதால் இவற்றின் தேவை குறைந்தது. நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சோயெத்சு கப்பல் பெட்டகங்கள் பற்றித் தனிநூல் எழுதினார். இன்று இவை அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் சேகரிப்புகளிலும் காணப்படுகின்றன.