கோப்புகளின் கைரேகை

குற்ற வழக்கில் கைப்பற்றப்படும் ஒரு கணினியில் பல லட்சம் கோப்புகள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி விண்டோஸோடும் பிற மென்பொருள்களோடும் சேர்ந்து வந்தவை. கணினியின் சொந்தக்காரர் அவற்றைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய எந்த விசாரணைக்கும் நேரம் போதாது. தெரிந்தவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கவனம் செலுத்த வழி வேண்டும். அந்த வழியைத் தருவது ‘ஹாஷ்’.

கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். ஹாஷ் பெயரைப் பார்ப்பதில்லை. கோப்பிலுள்ள பைட்டுகள் அனைத்தையும் ஒரு கணித முறைக்குள் செலுத்தி, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைத் தருகிறது. எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையில் அதன் நீளம் 256 பிட். பதினாறடிமான முறையில் எழுதினால் 64 குறிகள். ஒரு வரிக் குறிப்பானாலும் முழுநீளத் திரைப்படமானாலும் நீளம் அதேதான். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும்.

அமெரிக்காவின் ‘நிஸ்ட்’ என்ற தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் இதற்காகவே ஒரு மென்பொருள் நூலகத்தை நடத்துகிறது. வெளியான மென்பொருள்களைச் சேகரித்து, கோப்புவாரியாக ஹாஷ் கணக்கிட்டு, ஒவ்வொரு கோப்பும் எந்த மென்பொருளைச் சேர்ந்தது என்ற விவரத்தோடு பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. கைப்பற்றிய வன்தட்டின் ஹாஷ்களை இதனோடு ஒப்பிடும் வேலையைக் கணினியே முடித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டியலில் இருப்பது ‘தெரிந்த’ கோப்பு. ‘நல்ல’ கோப்பு என்று பொருளல்ல. ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளும் அதில் உண்டு. அதேபோல், பட்டியலில் இல்லாத கோப்பெல்லாம் குற்றத்தின் தடயமும் அல்ல.

ஹாஷ் முறைகளுக்கும் வயதாகும். 2004இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையில் இரு வேறு தரவுகளுக்கு ஒரே எண் வரச் செய்துகாட்டினர். 2012இல் கண்டறியப்பட்ட ‘ஃபிளேம்’ என்ற தீநிரல் இதே பலவீனத்தைக் கொண்டு மைக்ரோசாஃப்ட்டின் மின்கையொப்பத்தைப் போலி செய்திருந்தது. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வு மையமும் எஸ்எச்ஏ-1 முறையையும் இப்படி வீழ்த்தின. எஸ்எச்ஏ-256 இன்றுவரை உறுதியாக நிற்கிறது.

ஹாஷ் ஒப்பீடு தரும் பாதுகாப்பு உங்கள் கைக்கும் எட்டும். பல மென்பொருள் வெளியீட்டாளர்கள் கோப்போடு அதன் எஸ்எச்ஏ-256 எண்ணையும் தருகிறார்கள். லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’, விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ என்ற கட்டளைகள் நீங்கள் இறக்கிய கோப்பின் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். வெளியீட்டாளரின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு குறி மாறியிருந்தாலும் அந்தக் கோப்பை நிறுவாதீர்கள்.