இலை நரம்பின் நிறம் முதல் லேயரில்

இன்னைக்கு ஜெல் பிளேட் பிரிண்ட். மெத்துன்னு ஒரு தட்டு, ரோலர், அக்ரிலிக் பெயிண்ட், ஓர் அரச இலை போதும்.

கம்ப்யூட்டர்ல லேயரை எப்ப வேணா மேல கீழ மாத்தலாம், அன்டூ இருக்கு. இங்க கிடையாது. அக்ரிலிக்ல தண்ணி ஆவியானதும் பிளாஸ்டிக் படலம் ஆயிடும், திரும்பக் கரையாது. அதனாலதான் அடுத்த நிறம் கலங்காம மேல உட்காருது.

முதல்ல தட்டுல மஞ்சளை மெல்லிசா உருட்டி, பேப்பரை அழுத்தி எடுங்க. பேப்பர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துல உட்கார, தட்டைச் சுத்தி டேப்ல குறி போட்டுக்கோங்க.

காஞ்சதும் பச்சை. இலை வரப்போற இடத்தை மட்டும் ஸ்டென்சிலால மறைச்சு அழுத்துங்க. அங்க மஞ்சள் தப்பிச்சிடும்.

கடைசியா கருநீலம். நரம்பு புடைச்ச பக்கம் கீழ இருக்கிற மாதிரி இலையை வச்சு, சுத்தியிருக்கிற பெயிண்டை ஒரு பழைய பேப்பரால ஒத்தி எடுத்துடுங்க. இப்ப இலையை உரிச்சுட்டு நம்ம பேப்பரை வைங்க. நரம்பு அழுந்தின இடத்துல பெயிண்ட் ரொம்பக் குறைவு. அங்க மஞ்சள் கோடு கோடா தெரியும். ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க, இல்லன்னா பெயிண்ட் தட்டுலயே காஞ்சிடும்.

ஆக, கடைசியில தெரியப்போற நரம்போட நிறத்தை முதல் லேயர்லயே முடிவு பண்ணணும்.