நான்கு சக்கரமும் சுழலும், பிக்கப் மட்டும் வராது

நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் ‘ஆல் வீல் டிரைவ்’ காரை வேகமான கார் என்று பலர் எண்ணுவதுண்டு. அந்த அமைப்பு கூட்டித் தருவது சாலைப் பிடிப்பை மட்டுமே. எஞ்சினின் திறனில் அது ஒரு துளியும் சேர்ப்பதில்லை, கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. எஞ்சின் சிறியதாக இருந்துவிட்டால், சேற்றிலும் பனியிலும் சறுக்காமல் ஏறும் அதே கார், காய்ந்த நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் நிதானமாகத்தான் நகரும்.

ஜப்பானின் சுபாரு நிறுவனம் தயாரிக்கும் கிராஸ்ட்ரெக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012-ல் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்தபோது அதன் 2 லிட்டர் எஞ்சின் 148 குதிரைத்திறன் கொண்டிருந்தது. 2018 மாடலில் அது 152 ஆனது. டர்போ கிடையாது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏறக்குறைய 9 முதல் 10 வினாடி ஆகும். இது படுமோசமான கணக்கு அல்ல. நீண்ட உழைப்புக்குப் பெயர்போன பழைய மெர்சிடிஸ் 240டி டீசல் காருக்கு இதே வேகத்தை எட்ட 20 வினாடி ஆனது. ஆனால் இன்று சுற்றிலும் ஓடும் டர்போ கார்களும் மின்சாரக் கார்களும் முந்திச் செல்லும்போது கிராஸ்ட்ரெக் ஓட்டுநருக்கு ‘வண்டி இழுக்கவில்லை’ என்றே தோன்றும்.

முதல் காரணம் எடை. எஞ்சினிலிருந்து பின்சக்கரங்கள் வரை நீளும் ஷாஃப்ட், பின்பக்க டிஃபரன்ஷியல், இரு பக்க அச்சுத்தண்டுகள், விசையைப் பகிரும் கிளட்ச் என்று முன்சக்கர இயக்கக் காரில் இல்லாத பல உறுப்புகளை இந்தக் கார் எப்போதும் சுமக்கிறது. அவை சுழலும்போது உராய்விலும் திறன் கொஞ்சம் வீணாகிறது. தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதால் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 1,500 கிலோ.

அந்த எடையை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 152 குதிரைத்திறன் என்பது 113 கிலோவாட். இழப்பே இல்லாமல் அந்த முழுத் திறனும் முதல் கணத்திலிருந்தே கிடைத்தால் 5 வினாடியில் வேலை முடிந்துவிடும். நிஜத்தில் அதுபோல் இரு மடங்கு நேரம் பிடிக்கிறது. கியர்பெட்டியிலும் டயரிலும் காற்றிலும் போகும் இழப்பு ஒரு பகுதி. இன்னொரு பகுதி ஓட்டுநரின் காலில் இருக்கிறது: அந்த 152 குதிரைகளும் ஒன்றாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது மட்டுமே. அன்றாட ஓட்டத்தில் எஞ்சின் 1,500 முதல் 2,500 சுற்றுக்குள்தான் இருக்கும். அப்போது கைவசம் இருப்பது மொத்தத் திறனில் பாதிகூட அல்ல.

இந்தக் காரின் சிவிடி கியர்பெட்டி அந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக உணரவைக்கிறது. அதில் படிப்படியான கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் சங்கிலி, கப்பிகளின் அகலம் மாற மாற விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போகும். எரிபொருளைச் சேமிப்பதற்காக அது எஞ்சினை முடிந்தவரை மெதுவாகவே சுழலவிடும். பெடலை முழுக்க மிதித்தால் சுற்று விறுவிறுவென்று மேலே ஏறி அங்கேயே நிற்கும். காரின் வேகம் அதன் பிறகு நிதானமாகப் பின்தொடரும். அந்த இரைச்சலைக் கேட்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். காரின் மந்தத்தில் கணிசமான பங்கு இந்தப் பயத்தினால் வருவது. சூடேறிய எஞ்சின் அவ்வப்போது 5,500, 6,000 சுற்றில் ஓடுவதால் அதற்குக் கேடில்லை. அதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டும் இது பொருந்தாது. சுபாருவின் முகப்பில் எரியும் நீல நிற வெப்பநிலை விளக்கு அணையும்வரை மென்மையாக ஓட்டுவதே சரி.

பெடலின் அமைப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் சில மில்லிமீட்டர் அழுத்தத்துக்கே கார் துள்ளிக் கிளம்பும்படி பல நிறுவனங்கள் மின்னணு முறையில் அமைத்துவிடுகின்றன. ஷோரூம் வாசலில் சுற்றிப் பார்ப்பவருக்குக் கார் சுறுசுறுப்பாகத் தெரியும். நெடுஞ்சாலையில் மேலும் மிதிக்கும்போதுதான் கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்துவிட்டது என்பது விளங்கும். பெடலின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் கருவிகளும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. அவற்றால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது.

சமவெளியில் சகித்துக்கொள்ளக்கூடிய இந்த மந்தம் மலையில் வேறு கதை. சுபாரு கார்களை விரும்பி வாங்கும் அமெரிக்க மாநிலங்களில் ஒன்று கொலராடோ. அதன் தலைநகர் டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கிடைக்கும் காற்றை மட்டுமே உள்ளிழுப்பதால் திறனும் அதே அளவு குறைகிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறி, சுமார் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கப்பாதையை அடையும்போது 30 விழுக்காடு போய்விடும். 113 கிலோவாட் எஞ்சின் அங்கே 79 கிலோவாட் எஞ்சின்தான்.

நான்கு பேரும் பெட்டி படுக்கைகளும் ஏறி மொத்தம் 1,800 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க, புவியீர்ப்பை வெல்வதற்கே ஏறக்குறைய 29 கிலோவாட் தேவை. காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் இன்னொரு 12. எஞ்சினின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் போகிறது என்று கொண்டால் சக்கரத்துக்கு வருவது 63. வேகத்தைக் கூட்ட மிஞ்சுவது வெறும் 20 சொச்சம். கடல்மட்டச் சமவெளியில் இதே காரிடம் இதே வேகத்தில் 75 கிலோவாட் மிச்சம் இருக்கும். மலையேற்றத்தில் கார் ‘செத்துப்போவது’ போல் தோன்றுவதன் முழு விளக்கம் இதுதான்.

அப்படியிருந்தும் அங்கே மக்கள் இதையே வாங்குவதற்குக் காரணம் பனி. ஐ-70 சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை கார்களுக்கு டயர்ப் பிடிப்பு தொடர்பான சட்டமே உண்டு. ஆல் வீல் டிரைவ் கார் என்றாலும் டயரில் போதிய பள்ளம் இருக்க வேண்டும். பனி படிந்த ஏற்றத்தில் 300 குதிரைத்திறன் இருந்தும் இரு சக்கரங்கள் வெறுமனே சுழன்றால் பயனில்லை. 152 குதிரைத்திறன் நான்கு சக்கரங்களில் பகிர்ந்து இறங்கினால் கார் ஏறிவிடும். ஆனால் பிரேக் பிடிப்பதில் இந்த அமைப்பு எந்த உதவியும் செய்யாது. அந்த வேலை டயருடையது.

ஓட்டும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் இந்தக் காரோடு குறையில்லாமல் காலம் தள்ளலாம். நெடுஞ்சாலையில் இணையும்போது இணைப்புப் பாதையின் முழு நீளத்தையும் பயன்படுத்த வேண்டும். அதன் தொடக்கத்திலேயே பெடலை முழுக்க மிதித்து, போக்குவரத்தின் வேகத்துக்கு வந்தபின் கலப்பதே பாதுகாப்பு. சிவிடி விகிதத்தை மாற்ற அரை வினாடி, ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும் என்பதால் தேவைக்குச் சற்று முன்னதாகவே மிதிப்பது நல்லது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விகிதத்தைக் கையால் மாற்றும் துடுப்புகள் இருந்தால் அவற்றால் சுற்றை முன்கூட்டியே உயர்த்தி வைக்கலாம். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் எதிர்வரிசையைக் கடந்து திரும்புவது இடப்புறத் திருப்பத்தில். அங்கே சிக்னலில் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுவது ஒரு கண நேரத் தாமதத்தைத் தவிர்க்கும்.

இருவழிச் சாலையில் லாரியை முந்துவதுதான் உண்மையான சோதனை. சராசரியாக 100 கிலோமீட்டர் வேகத்தில் 10 வினாடி எதிர்த்தடத்தில் ஓடினால் கார் 280 மீட்டர் கடக்கும். எதிரே அதே வேகத்தில் வருபவரும் 280 மீட்டர் நெருங்கியிருப்பார். மலையில் 15 வினாடி ஆனால் இரண்டும் சேர்ந்து 830 மீட்டரைத் தாண்டும். பாதுகாப்புக்கான இடைவெளி இதற்கு மேல். லாரியை ஒட்டிக்கொண்டு போய்க் கடைசி நொடியில் வெளியே வருவது இந்தக் காருக்கு ஒத்துவராது. பின்னால் தள்ளியிருந்து, பாதை தெளிவானதும் வேகம் பிடித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் அடுத்த முந்துதடம் வரும்வரை லாரிக்குப் பின்னாலேயே போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஆழமான பனியில் வேறொரு மந்தம் தோன்றும். சக்கரம் வழுக்கினால் மின்னணுக் கட்டுப்பாடு எஞ்சினின் திறனைக் குறைத்துவிடுவதால் பெடலை மிதித்தும் கார் அசையாமல் நிற்கலாம். அப்போது மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைப் பொத்தானால் தளர்த்தி, வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிட வேண்டும்.

செலவில்லாத மேம்பாடு சுமையைக் குறைப்பது. கோடையிலும் கூரையில் உட்கார்ந்திருக்கும் பனிச்சறுக்குப் பெட்டியைக் கழற்றினாலே நெடுஞ்சாலையில் வித்தியாசம் தெரியும். அழகுக்காகப் போடும் பெரிய, கனமான கரட்டுப்பாதை டயர்கள் பிக்கப்பை இன்னும் கெடுக்கும். அதிக ஆக்டேன் பெட்ரோலால் இந்த எஞ்சினுக்குப் பயனில்லை. சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும்.

நிறுவனமும் இந்தக் குறையை உணர்ந்ததாகவே தெரிகிறது. 2021 மாடலில் 182 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் எஞ்சினை உயர்வகைகளில் சேர்த்தது. அந்த மாடலுக்கான அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் சிறிய எஞ்சின் ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சராசரியாக 30 மைலும் பெரியது 29 மைலும் தந்தன. நெடுஞ்சாலையிலோ பெரியதே ஒரு மைல் கூடுதலாக ஓடியது. மலைப்பகுதியில் இருப்பவர் சிக்கனம் கருதிச் சிறிய எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய லாபமில்லை.

வாங்குவதற்கு முன் தெருவைச் சுற்றி வருவதோடு நிறுத்தாமல், குடும்பத்தோடு ஏறி, ஒரு நெடுஞ்சாலை இணைப்பிலும் ஏற்றத்திலும் ஓட்டிப் பார்த்தால் காரின் இயல்பு தெரிந்துவிடும். அந்த இயல்பு பின்னாளில் மாறினால் அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது. திடீரென்று பிக்கப் குறைவது, எஞ்சின் விளக்கு எரிவது, சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்குவது, உதறல், ஒரு சக்கரம் மட்டும் சூடாவது ஆகியவை பழுதின் அடையாளங்கள். நான்கு டயர்களில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியிருந்தாலும் கவனிக்க வேண்டும்: டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் விசையைப் பகிரும் கிளட்ச் ஓயாமல் உரசித் தேய்ந்துவிடும்.