ஆறில்லாத நாட்டின் அதிசயங்கள்

இலங்கைக்கு யாத்திரை செல்லும் நம்மவர்கள் சிகிரியாக் குன்றையும் நுவரெலியாவின் குளிரையும் அனுபவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே யாழ்ப்பாணம் வரை போகிறவர்களோ நல்லூர்க் கந்தனைத் தரிசித்ததோடு திருப்தி அடைகிறார்கள். அப்பகுதியில் இயற்கை மறைத்து வைத்திருக்கும் சில விநோதங்களை வாசகர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் கிடையாது. ஆயினும் வாழையும் வெங்காயமும் புகையிலையும் அங்கே செழித்து வளர்கின்றன. இதன் இரகசியம் நம் காலடியிலேயே இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைநீர் இக்கல்லைக் காலங்காலமாகக் கரைத்து, குகைகளும் வழிகளும் அமைத்துக்கொண்டு, பூமிக்குள்ளே தங்கிவிடுகிறது.

புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் இந்த உண்மையைக் கண்ணாரக் காணலாம். மனிதர் தோண்டிய கிணறன்று அது. பூமிக்கு அடியில் இருந்த குகையின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டானது. இராமபிரான் தம் அம்பினால் உண்டாக்கியது என்பது ஐதிகம். மேற்பரப்பில் நல்ல தண்ணீர், ஆழத்திலோ உப்புநீர்! இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரார் சொல்வதுண்டு.

அந்தக் கீரிமலையோ அதனினும் ஆச்சரியமானது. ஒரு பக்கம் கடல் அலை மோதுகிறது. சில அடி தூரத்திலுள்ள கேணியில் நன்னீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நகுல முனிவரின் கீரி முகம் நீங்கிய தலம் என்று போற்றி, ஆடி அமாவாசையன்று மக்கள் திரளாக வந்து நீராடுகிறார்கள்.

வடமராட்சிக் கிழக்கிலுள்ள மணற்காட்டில் குன்று குன்றாக மணல். அதனிடையே பழைய தேவாலயம் ஒன்று சிதைந்து கிடக்கிறது. குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு. அங்கே பவளக் கற்களை அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்கு மரமும், கட்டற்றுத் திரியும் குதிரைகளும் பிரயாணியை வரவேற்கின்றன.

இவற்றைக் கண்டு களிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? குடாநாட்டின் நன்னீர், உப்புநீரின்மேல் ஓடம்போல் மிதந்துகொண்டிருக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் எடுத்ததை அடுத்த மழை ஈடு செய்துவந்தது. யந்திரங்கள் வந்தபின் அளவுக்கு மீறி இறைக்கும் இடங்களில் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறுகிறது. வயலில் மிகுதியாக இடும் இரசாயன உரமும் கல்லின் வெடிப்பு வழியாகக் கிணறுகளில் கலக்கிறது. அப்படி நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும். கீரிமலையில் ஊறுவதும் வீட்டுக் கிணற்றில் இறைப்பதும் ஒரே மழையின் செல்வம் அல்லவா?

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். நிலாவரைப் படியில் நிறுத்தி, அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கேணியில் சவர்க்காரமும் குப்பையும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினராகச் செல்லும் நாம் அவ்வூராருக்குச் செய்யக்கூடிய சிறு உபகாரம் இது.