ஆள் குறைந்த பள்ளியில் எல்லோருக்கும் வேலை

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிறவர்களுக்குக் காட்டாங்குளத்தூர் என்றால் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி எழுந்த விடுதிகளும்தான். அதே பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியம் இருப்பதும், காயரம்பேடு, கீரப்பாக்கம், குமிழி போன்ற ஊர்கள் அதில் அடங்குவதும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இத்தகைய ஊர்ப்புறத்தில் சின்ன ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் இரண்டு மூன்று அறை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தனியார் பள்ளி வேன்கள் அள்ளிக்கொண்டு போனது போக மிச்சமிருக்கும் பிள்ளைகள் படிக்கிற இடம் என்று அதைப் பற்றிப் பலரும் நினைக்கிறார்கள். படிப்பைப் பொறுத்தவரை அது சரியா தவறா என்பது தனி வழக்கு. குணம் எங்கே உருவாகிறது என்று கேட்டால் சிறிய பள்ளிக்காக வாதாட ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அங்கே ஆள் பற்றாது. ஆகவே எந்தப் பிள்ளையும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்த்தாய் வாழ்த்தை முன்னின்று பாட ஒருவர், உறுதிமொழிக்கு ஒருவர், குறளுக்கு, செய்திக்கு, பொன்மொழிக்கு என்று நாளுக்கு ஐந்து பேர் வேண்டும். நாற்பது பேர் படிக்கும் பள்ளியில் எட்டே நாளில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். கூச்சப்படுகிற பிள்ளையும் திக்கிப் பேசுகிற பிள்ளையும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது முன்னால் வந்து நின்றாக வேண்டும். எண்ணூறு பேர் படிக்கும் பள்ளியில் அதே முறை திரும்பி வர 160 பள்ளி நாள் ஆகும். கல்வியாண்டில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதனால் நடைமுறையில் அங்கே முறை வைப்பதே இல்லை. குரல் கணீரென்று இருக்கும் ஐந்தாறு பேர்தான் ஆண்டு முழுவதும் பேசுகிறார்கள், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஆய்வாகவே செய்து பார்த்தவர்கள் ராஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். கன்சாஸ் மாநிலத்தில் சில டஜன் மாணவர்களே இருந்த பள்ளியிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பள்ளி வரை ஒப்பிட்டு, 1964இல் நூலாக வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் நாடகம், விளையாட்டு, மன்றம் என்று வகைகள் அதிகம். ஆனால் அவற்றில் பொறுப்பேற்றுச் செய்த மாணவர்களின் விகிதம் சிறிய பள்ளியில்தான் கூடுதல். படிப்பில் பின்தங்கியவர்கள்கூட அங்கே ‘நான் வராவிட்டால் காரியம் நடக்காது’ என்று உணர்ந்தார்கள். அவர்கள் பார்த்தவை உயர்நிலைப் பள்ளிகள், நம் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் வேலை மிகுந்து ஆள் குறைந்தால் எல்லோருக்கும் பொறுப்பு வரும் என்ற தர்க்கத்துக்கு வயது வித்தியாசம் பெரிய தடையாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குத் துணையாக இன்னும் சில ஏற்பாடுகள் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிள்ளைகளை நிலைவாரியாகக் குழு சேர்த்தது, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அப்படியே சேர்க்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்ற அந்தக் குழுக்களில் மூன்றாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புச் சிறுமியோடு உட்காரலாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே பெருந்தன்மை ஆகாது, அன்றாட ஏற்பாடு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அங்கேயே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் அம்மா பரிமாறும் உப்புமாவை முகம் சுளித்து ஒதுக்கிவிட்டுப் போவது எளிதல்ல.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் இரண்டு பொருட்படுத்த வேண்டியவை. ஒன்று, பொறுப்பு என்ற பெயரில் பிள்ளைகள் தலையில் வேலை கட்டப்படுகிறது என்பது. இதைவிடக் கொடியது, அந்த வேலையும் சாதி பார்த்துப் பங்கிடப்படலாம் என்பது. ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்து ஆசிரியர்கள் கைதான செய்திகளை இந்த மாநிலம் படித்திருக்கிறது. சிறிய ஊரில் யார் வீடு எந்தத் தெருவில் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆபத்து கூடுதலும்கூட. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. வேலைப் பங்கீட்டுக்கும் அதே மருந்துதான் பொருந்தும். பெயர் வரிசைப்படி முறை சுழல வேண்டும், அது சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கழிப்பறை அந்தப் பட்டியலிலேயே இருக்கக் கூடாது. ஆசிரியரின் விருப்பத்துக்கு விட்ட இடத்தில் ஊர்ப் பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்து, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவையும் முடித்து, சத்துணவுக் கணக்கிலும் கண் வைக்க வேண்டும். அந்த நாளில் குணமும் வளராது, கணக்கும் வராது. ஆகவே சின்னப் பள்ளிகளை மூடி ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் தாண்டிப் போக வேண்டிய பகுதியில் இது சொல்வதற்குச் சுலபம். தவிர, இணைத்த பள்ளியில் காலை உணவு சமைக்க ஊர்ப் பிள்ளையின் தாய் வர மாட்டார், பெற்றோர் கூட்டத்துக்கும் பேருந்து ஏறித்தான் வர வேண்டியிருக்கும். ஒன்றிய அளவில் ஒரு மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்து, ஆள் இல்லாத பள்ளிக்கு அன்றே அனுப்புவது இதைவிடச் செலவு குறைந்த வழி.

அதைக் கேட்டு வாங்க ஒரு வாயும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்காக ஊர் சேர்ந்து நிற்பது இங்கே புதிதல்ல. காஞ்சிபுரம் அருகே நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, ஊரார் கையாலேயே கட்டடமும் தளவாடமும் பள்ளிகளுக்கு வரச் செய்தார். அன்றைக்கு ஊர் கொடுத்தது பொருள். இன்றைய குழு தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்க வேண்டியது அந்த மாற்று ஆசிரியரை.