உஷார்! தேன்பெட்டியின் காலடிக்குத் தண்ணீர் வரப்போகிறது

ஐப்பசி பிறந்துவிட்டது. குமரி மாவட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே விளைக்குப் போய், பெட்டி நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் நிரம்பி மதகைத் திறந்துவிட்டால், குழித்துறை ஆற்றங்கரை விளைகளுக்குள் தண்ணீர் ஏற ஓர் இரவு போதும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாம் பார்த்தோம். 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் முழுவதும் தத்தளித்தன; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் பெய்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத தாங்கியின் மேல் நிற்கும் மரப்பெட்டி அதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்?

ஆனால் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளத்தில் மூழ்கிச் சாவதில்லை. அதற்கு முன்னும் பின்னுமான அடைமழை நாட்களில், பெட்டிக்குள்ளேயே, பசியாலும் ஈரத்தாலும் அழிகின்றன. நாம் ஏமாறுவது இங்கேதான். பெட்டி கண்ணெதிரே பத்திரமாக நிற்கும். மழை விட்டதும் மூடியைத் திறந்தால் வெறும் அடைதான் இருக்கும்.

காரணம் எளிது. மழை பெய்தால் ஈ வெளியே போகாது. தேனும் மகரந்தமும் வராது. உள்ளே புழுக்கள் வளரும் அடைப்பகுதியை 33 முதல் 36 டிகிரி சூட்டில் வைத்திருக்க ஈக்கள் ஓயாமல் உடம்பை அசைத்துச் சூடு உண்டாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் தேன். ஈரக்காற்று உள்ளே புகுந்தால் செலவு இன்னும் கூடும். நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. சேமிப்புத் தீர்ந்து இடமும் சரியில்லை என்று கண்டால் ராணியோடு சேர்ந்து கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, பெட்டியில் தேன் இருக்கிறதா என்று பார்ப்பது. மழையில் மூடியைத் திறக்கவே வேண்டாம். பெட்டியின் பின்பக்கத்தை இரண்டு விரல்கடை தூக்கிப் பாருங்கள். காற்றடைத்த பைபோல இலேசாக வந்தால் அந்தக் குடும்பம் பட்டினி. ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ விழுந்து மூழ்காமல் நிற்க நாலைந்து ஈர்க்குச்சிகளைப் போட்டு, மழை விட்ட ஒரு மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு வாரம் 200 கிராம் சீனி என்பது வழக்கமான கணக்கு. வெளியே வைத்தால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும். கருப்பட்டி, வெல்லம் வேண்டாம். ஈக்கு வயிற்றுப்போக்கு வரும். வேறு பெட்டித் தேனும் கூடவே கூடாது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் வந்து இந்தப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தொற்றுள்ள பெட்டியின் தேனோடு அதுவும் வரும்.

அடுத்தது பிளாஸ்டிக் தாள். நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு இதுதான். நானும் ஒரு மழைக்காலத்தில் செய்திருக்கிறேன். பெட்டியை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுகச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் உட்சுவரெல்லாம் நீர் கோத்து நின்றது. சட்டத்தின் ஓரங்களில் பூஞ்சணம். அடியில் செத்த ஈக்கள். ஈக்களின் மூச்சு ஈரமே வெளியேற வழியில்லாமல் அவற்றின் மேல் சொட்டியிருக்கிறது. மேல்மூடிக்கு மேலே மட்டும் ஒரு தகரத்தையோ ஓலைத் தட்டியையோ அரையடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டுக் கயிற்றால் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். வாசல் மழைக்காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது. பெட்டி முன்பக்கம் சற்றே சரிந்து நின்றால் உள்ளே விழுந்த தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும்.

தென்னைக்கு நேர் கீழே இருக்கும் பெட்டியை இப்போதே நகர்த்துங்கள். விழும் மட்டையும் தேங்காயும் பெட்டியை உடைத்துவிடும். தாங்கியின் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் எறும்புக் கிண்ணத்தைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தால் வெட்டுங்கள். மழைக்கு மேட்டைத் தேடும் எறும்புக்குப் புல்லே பாலம். தாங்கியின் காலில் கிரீஸ் தடவுவது இன்னொரு காப்பு.

ஆற்றோர விளை என்றால் எச்சரிக்கை வந்த அன்று மாலையே பெட்டியைத் தூக்கிவிட வேண்டும். இருட்டி, எல்லா ஈயும் உள்ளே போன பிறகு வாசலைக் கம்பி வலையால் அடையுங்கள். துணியோ களிமண்ணோ வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அடிப்பலகை முதல் மூடிவரை சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, ஆட்டாமல், சாய்க்காமல், இரண்டு பேராக எடுத்துப் போங்கள். மொட்டை மாடிப் படிக்கட்டு அறை, மேட்டுப் பாறை, எதுவானாலும் சரி. பூச்சிமருந்து வைத்த அறை மட்டும் வேண்டாம். பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது. வெளிச்சத்தைத் தேடி வலையில் மோதி ஈ செத்து விழும். மழை ஓய்ந்து வலையை எடுக்கும்போது வாசல் முன்னால் ஒரு இலைக்கொப்பைச் சாய்த்து வையுங்கள். இடம் மாறியிருக்கிறது என்று ஈ சுற்றிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போய்த் தவிக்கும்.

வெள்ளம் புகுந்த பெட்டியின் தேனை யாருக்கும் விற்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் இருந்திருக்கும், பூச்சிமருந்தும் இருந்திருக்கும். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு கெட்ட போத்தல் அந்தப் பெயரையே கெடுத்துவிடும். சேறு படிந்த அடைகளை வெட்டிக் குழியில் புதையுங்கள். அப்படியே விட்டால் மெழுகுப்பூச்சி குடியேறும். எஞ்சிய அடையில் முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று அர்த்தம். ராணி போன சிறு கூட்டத்தை, நோயில்லை என்று பார்த்துக்கொண்டு, நடுவில் செய்தித்தாள் வைத்து இன்னொரு குடும்பத்தோடு சேர்த்துவிடுங்கள்.

ரப்பர் தளிர் விடும் தை, மாசியில்தான் நமக்கு அறுவடை. அந்தத் தேனைச் சுரப்பது பூவல்ல, தளிர் இலையின் காம்பு. அது சில வாரங்களே சுரக்கும். கார்த்திகையில் ஓடிப்போன குடும்பத்துக்குப் பதில் புதுக்கூட்டம் பிடித்து வளர்த்துப் பெருக்குவதற்குள் சீசன் முடிந்துவிடும். இன்று மாலை மழை வருவதற்குள் விளைக்குப் போய், ஒவ்வொரு பெட்டியின் பின்பக்கத்தையும் தூக்கிப் பாருங்கள்.